டயர் கம்பியையும் லேத் சுருளையும் கான்கிரீட்டில் சேர்ப்பது எப்படி: தரைத்தளத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

பழைய டயர் கம்பியைக் கான்கிரீட்டில் போட்டால் பலம் கூடுமா என்று யாராவது கேட்டால், எந்தப் பலம் என்று நான் திருப்பிக் கேட்பேன். க்யூப் என்ற கனசதுரக் கட்டியை அமுக்கி உடைத்துப் பார்க்கும் அமுக்க வலிமை என்றால் பெரிதாக ஒன்றும் கூடாது. கலவை சரியாக இறுகாவிட்டால் குறையக்கூடச் செய்யும். மாற்றம் தெரிவது விரிசல் விட்ட பிறகுதான்.

எம்30 தரக் கான்கிரீட் அமுக்கத்தில் 30 மெகாபாஸ்கல் தாங்கும். வளைக்கும்போது, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 தரும் கணக்குப்படி சுமார் 3.8 மெகாபாஸ்கல்தான், ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அந்த எல்லையைத் தாண்டினால் சாதாரண கான்கிரீட் பட்டென்று இரண்டு துண்டாகிவிடும். இழை, அதாவது சின்னச் சின்னக் கம்பித் துண்டுகள், போட்ட கான்கிரீட்டும் கிட்டத்தட்ட அதே எல்லையில்தான் விரிசல் விடும். ஆனால் விரிசலின் குறுக்கே நூற்றுக்கணக்கான கம்பி இழைகள் இரு கரைகளையும் பிடித்துக்கொண்டிருக்கும். விரிசல் அகல வேண்டுமானால் அத்தனை இழைகளும் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வெளியே வர வேண்டும். உருவும்போது ஏற்படும் உரசல்தான் நமக்குக் கிடைக்கும் லாபம். தரையில் ஃபோர்க்லிஃப்ட் ஓடினாலும், வெயிலில் சுருங்கினாலும், கனமான ஒன்று மேலே விழுந்தாலும் தரை ஒரே பலகையாக நிற்கும்.

கழிவு இரும்பைப் போடுவது புது யோசனையும் இல்லை. இந்தத் துறையின் வரலாற்றில் முதலில் வருவதே 1874ல் அமெரிக்காவில் பெரார் என்பவர் வாங்கிய காப்புரிமைதான். கழிவு இரும்புத் துகளைச் செயற்கைக் கல்லில் கலப்பது பற்றியது அது. இதற்கென்றே செய்த, முனை வளைந்த எஃகு இழைகள் எல்லாம் பிறகு வந்தவை. நம் காலத்தில் டயர் இழையைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிப்ரோஸ் பிலகூட்டாஸ் குழுவினர். 2006 முதல் 2009 வரை நடந்த ஈகோலேன்ஸ் என்ற ஐரோப்பியத் திட்டம் டயர் இழை போட்ட கான்கிரீட் சாலைகளை ஆராய்ந்தது. அதன் பிறகு வந்த அனாகென்னிசி திட்டம் டயரில் இருக்கும் ரப்பர், எஃகு, துணி இழை மூன்றையும் கான்கிரீட்டுக்குள் கொண்டுவரப் பார்த்தது.

இந்த வழிகாட்டியில் நான் எடுத்துக்கொள்வது ஒரு சிறிய பட்டறைத் தரை: 20 அடிக்கு 30 அடி, 6 அங்குல கனம், தரையோடு படிந்த தளம். கோவையிலோ அம்பத்தூரிலோ தெருவுக்குத் தெரு பார்க்கிற மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எங்கே போடக்கூடாது

மாடித்தளம், பீம், தூண், படிக்கட்டு, பால்கனி இவற்றில் கம்பிக்குப் பதிலாக இழை போடவே கூடாது. அங்கே இழுவிசையைத் தாங்குவது நாம் கணக்குப் போட்டு வைக்கும் முறுக்குக் கம்பி. எந்த இழை எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நிச்சயமின்மையின் மேல் ஒரு மாடியை நிறுத்த முடியாது. கம்பியோடு கூடுதலாக இழையும் போடலாம், அதையும் பொறியாளர் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தரைத்தளத்தில் நிலைமை வேறு. முழுப் பரப்பையும் கீழே மண் தாங்குகிறது. அங்கே வழக்கமாகப் போடும் வெல்ட்மெஷ் என்ற கம்பி வலை பெரும்பாலும் சுருக்க விரிசலைக் கட்டுப்படுத்தத்தான். அந்த மெஷ்ஷுக்கு மாற்றாக இழை நன்றாகவே வேலை செய்யும். சொல்லப்போனால் சில இடங்களில் மெஷ்ஷைவிட மேல். மெஷ் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் இருக்க வேண்டும். வேலை நடக்கும்போது ஆட்கள் அதன் மேல் நடப்பார்கள், பாண்டு சுமந்து போவார்கள், கடைசியில் மெஷ் அடியில் போய் மண்ணோடு படுத்திருக்கும். உடைத்துப் பார்த்த தரைகளில் அதை அப்படித்தான் கண்டிருக்கிறேன். இழைக்கு இந்தப் பிரச்சினை கிடையாது, கனம் முழுக்கப் பரவியிருக்கும்.

செருப்பில்லாமல் நடக்கும் இடம், குழந்தைகள் விளையாடும் முற்றம், வீட்டு வராந்தா இவற்றில் மேலே டைல்ஸோ வேறு பூச்சோ வராது என்றால் வேண்டாம். மேற்பரப்பில் நிற்கும் ஒரே ஒரு இழை போதும், காலில் ஊசி மாதிரி ஏறும். மாட்டுத் தொழுவத்துக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தீவனத்தோடு கம்பித் துண்டு மாட்டின் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

பட்டறை, கிடங்கு, லாரி நிற்கும் முற்றம், களம், இயந்திர அடித்தளம், வடிகால் மூடி, நடைபாதைக் கல் இவைதான் பொருத்தமான இடங்கள்.

இழை எங்கிருந்து வருகிறது

டயர் என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் எல்லா டயரும் ஒன்றல்ல. ரேடியல் லாரி டயரில் எடையில் ஏறக்குறைய கால் பங்கு எஃகு. கார் டயரில் அதைவிடக் குறைவு. நம் சாலைகளில் இன்னும் நிறைய ஓடும் நைலான் லாரி டயரில் விளிம்பு வளையத்தில் மட்டும்தான் கம்பி. டயர் குவியலைப் பார்த்து எவ்வளவு எஃகு வரும் என்று மனக்கணக்குப் போடுவதற்கு முன் இதைக் கவனியுங்கள்.

விளிம்புக் கம்பி தடிமன், ஏறக்குறைய 1 மி.மீ. இருக்கும், ஒவ்வொரு துண்டாக வெட்டிக்கொள்ளலாம். உடம்புப் பகுதியில் இருக்கும் கம்பி மிக மெல்லியது, பெரும்பாலும் 0.2 மி.மீ. சுற்றுவட்டாரம். பல இழைகளை முறுக்கி, பித்தளை முலாம் பூசியிருப்பார்கள். இந்த மெல்லிய இழையின் இழுவிசை வலிமை 2000 மெகாபாஸ்கலுக்கு மேல். நாம் கட்டடத்தில் போடும், 500 மெகாபாஸ்கல் தரமுள்ள எஃப்இ 500 கம்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விரிசலில் இந்த இழை அறுவது அபூர்வம், உருவிக்கொண்டுதான் வரும். முறுக்கிலிருந்து பிரிந்த நெளிவு இன்னும் இருப்பதால் சுலபத்தில் உருவவும் செய்யாது.

மெல்லியதாக இருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. 0.75 மி.மீ. தடிமனும் 60 மி.மீ. நீளமும் உள்ள, கான்கிரீட்டுக்கென்றே செய்து கடையில் விற்கும் இழை (இதைக் கடை இழை என்கிறேன்) ஒரு கிலோவுக்கு ஐயாயிரத்துக்குள்தான் இருக்கும். 0.22 மி.மீ. தடிமனும் 20 மி.மீ. நீளமும் உள்ள டயர் இழை ஒரு கிலோவில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். விரிசல் மயிரிழை அளவில் இருக்கும்போதே பிடிப்பது இந்தக் கூட்டம். விரிசல் இரண்டு மூன்று மி.மீ. திறந்துவிட்டால் குட்டை இழைகள் கழன்றுவிடும், அப்போது பிடிப்பது நீள இழை. அதனால் பாரம் அதிகம் வரும் தரைக்குப் பாதி டயர் இழை, பாதி கடை இழை என்று கலந்து போடுவது நல்ல வழி. ஆராய்ச்சிகளிலும் இந்தக் கலப்புக்கு நல்ல பெயர் இருக்கிறது.

டயரிலிருந்து எஃகைப் பிரிக்கும் விதத்தைப் பொறுத்துத்தான் சரக்கின் தரம். ரப்பர் தூள் செய்யும் ஆலையில் டயரைத் துண்டாக்கி, அரைத்து, காந்தத்தால் கம்பியை இழுப்பார்கள். அந்தச் சரக்கில் ரப்பர்த் துணுக்கும் துணிப் பஞ்சும் ஒட்டியிருக்கும், நீளம் கலவையாக இருக்கும், வலிமை குறையாது. பைராலிசிஸ் ஆலையில் டயரைக் காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் கம்பி கரி பூசியிருக்கும், பந்து பந்தாகச் சுருண்டிருக்கும், சூடு பட்டதால் வலிமையும் இறங்கியிருக்கும். மூன்றாவது வகை டயர் தொழிற்சாலையில் ரப்பர் ஏறும் முன்பே ஒதுக்கப்படும் முறுக்குக் கம்பி. ஒரே நீளத்துக்கு வெட்டி வாங்க முடிந்தால் இதைவிடச் சிறந்த சரக்கு இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் டயர் ஆலைகள் இருக்கின்றன. பழைய இரும்பு வியாபாரிகளிடம் கேட்டால் வழி தெரியும்.

தெருவோரம் டயரைக் கொளுத்திக் கம்பி எடுப்பவர்களிடம் வாங்காதீர்கள். அந்தப் புகை ஊருக்கே கேடு. அதோடு, சிவக்கச் சூடான கம்பி தன் வலிமையை அந்த நெருப்பிலேயே விட்டுவிட்டு வந்திருக்கும், கையால் வளைத்தால் ஈயக்கம்பி மாதிரி வளையும். 2022 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிகள் கழிவு டயருக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று வைத்திருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையில் பில்லோடு வாங்குவதுதான் நல்லது.

லேத் சுருளுக்கு, அதாவது லேத் மெஷினில் இரும்பைக் கடையும்போது சீவி விழும் சுருளுக்கு, வருவோம். கல்லூரி ப்ராஜெக்டுகளில் இதற்கு இருக்கும் மவுசு களத்தில் இல்லை, அதற்குக் காரணமும் உண்டு. வார்ப்பிரும்பு கடையும்போது வருவது தூள், அது இழையே கிடையாது. மைல்ட் ஸ்டீல் சுருள் உபயோகப்படும், ஆனால் நீளமாகச் சுருண்டு கிடப்பதை 25 முதல் 40 மி.மீ. துண்டாக நறுக்க வேண்டும். கடைசலின்போது இறுகிப்போனதால் வளைத்தால் ஒடியும். டயர் இழையும் லேத் சுருளும் ஒரே விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் டயர் இழையை எடுப்பேன். வடிகால் மூடி, நடைபாதைக் கல் மாதிரிச் சின்னச் சாமான்களுக்குச் சுருள் போதும்.

சுத்தம்: பாதி வேலை இங்கேதான்

மலிவாகக் கிடைத்த சரக்கு மலிவானதில்லை என்பது இந்த இடத்தில்தான் தெரியும். முதல் முறை நான் மூட்டையைப் பிரித்து அப்படியே மிக்சரில் கொட்டினேன். ஐந்து நிமிடத்தில் டிரம்முக்குள் தேங்காய் அளவில் கம்பிப் பந்துகள் உருண்டுகொண்டிருந்தன. உள்ளே சிமெண்ட் போகவில்லை, வெளியே ஜல்லி ஒட்டியிருந்தது. மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை, பந்துகளைப் பொறுக்கி என் காலடியில் வரிசையாக வைத்தார். அந்த ஒரு லோடு முழுக்க வீண்.

இதற்குத் தலைமுடியில் சிக்கு எடுக்கும் பொறுமைதான் வேண்டும். முதலில் கையுறை, அதுவும் தோல் கையுறை. கண்ணாடி, ஷூ கட்டாயம். லுங்கியும் செருப்புமாக இந்த வேலைக்கு யாரையும் விடாதீர்கள்.

மணல் சலிக்கும் சாய்வுச் சல்லடையில் 12 மி.மீ. கண் உள்ள வலையை மாட்டி, இழையைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு உதறுங்கள். தனித்தனி இழை கீழே விழும், குருவிக்கூடு மாதிரி சிக்கியவை மேலே நிற்கும். மேலே நிற்பதை மறுபடி பிரித்து உதறுங்கள். இரண்டாம் முறையும் பிரியாததைத் தூக்கிப் போடுங்கள். அதைக் காப்பாற்ற நினைத்தால் மிக்சரில் அது பந்தாகி, நல்ல இழையையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும்.

கீழே விழுந்ததில் ரப்பர்த் துகளும் பஞ்சும் இருக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இழை மேல் வையுங்கள். இழை பையில் ஒட்டிக்கொண்டு வரும். வேறு தொட்டிக்கு மேல் கொண்டுபோய்க் காந்தத்தை மட்டும் வெளியே எடுத்தால் இழை கீழே விழும். ரப்பரும் பஞ்சும் பழைய இடத்திலேயே நிற்கும். இழையோடு ஒட்டிய ரப்பர் மட்டும் தப்பி வரும். ஒரு கிலோ எடுத்துக் கையால் பொறுக்கி ரப்பரை எடைபோடுங்கள். 20, 30 கிராம் வரை நான் விடுவேன், அதற்கு மேல் போனால் சரக்கைத் திருப்பிவிடுவேன். ரப்பர் கான்கிரீட்டோடு ஒட்டாது, ஒவ்வொரு துணுக்கும் ஒரு சின்ன ஓட்டைக்குச் சமம்.

அப்புறம் நீளம். இருநூறு இழைகளை எடுத்து அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஒரு பையனை உட்கார வைத்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவான். பெரும்பாலானவை 15 முதல் 30 மி.மீ. இருந்தால் நல்ல சரக்கு. ஐந்தில் ஒன்றுக்கு மேல் 10 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அது தூசி, விரிசலைத் தாண்டி மறுகரைக்கே போகாது.

லேத் சுருளுக்கு வேறு இரண்டு சோதனை. ஒன்று, கூலன்ட் எண்ணெய். வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து ஊறவைத்து, அலசி, அன்றே வெயிலில் உலர்த்துங்கள். ஒரு கைப்பிடியைச் செய்தித்தாளில் அழுத்திப் பார்த்தால் எண்ணெய்க் கறை விழக்கூடாது. லேசான செம்பழுப்புத் துரு பரவாயில்லை, பிடிமானத்துக்கு நல்லதுதான். செதிலாக உதிரும் துரு வேண்டாம்.

இரண்டாவது இன்னும் முக்கியம். பம்ப், மோட்டார் செய்யும் பட்டறைகளில் அலுமினியமும் கடைவார்கள், இரண்டு சுருளும் ஒரே பீப்பாயில் சேரும். அலுமினியம் சிமெண்டின் காரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவை விடும். கான்கிரீட் இறுகும்போதே இட்லி மாவு மாதிரிப் பொங்கி, மேற்பரப்பு அம்மைத் தழும்பாகிவிடும். காந்தத்தில் ஒட்டாததை எல்லாம் ஒதுக்குங்கள். சந்தேகம் இருந்தால் சுண்ணாம்புத் தெளிநீரில் ஒரு பிடி போட்டு அரை மணி நேரம் பாருங்கள். குமிழி விட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே அலுமினியம் இருக்கிறது.

எவ்வளவு போடுவது

எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ. ஆகவே கான்கிரீட்டின் பருமனில் ஒரு சதவீதம் என்றால் கன மீட்டருக்கு 78.5 கிலோ. ஆய்வறிக்கைகளில் 1 சதவீதம், 1.5 சதவீதம் என்று படித்துவிட்டு அதைத் தளத்தில் முயல்கிறவர்கள் பந்து உருட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆய்வகத்தில் நாற்பது லிட்டரை ஒருவர் கையால் தூவிக் கலக்கலாம், பட்டறையில் அது நடக்காது. பட்டறைத் தரைக்கு 20 முதல் 40 கிலோ என்பது கையாளக்கூடிய அளவு. நான் 30 கிலோவில் தொடங்குவேன்.

நம் தரை 600 சதுர அடி, அரை அடி கனம், 300 கன அடி. அதாவது சுமார் 8.5 கன மீட்டர். இழை 255 கிலோ வேண்டும். 6 மி.மீ. கம்பியில் 150 மி.மீ. இடைவெளி மெஷ் போட்டிருந்தால் ஏறக்குறைய 165 கிலோதான் ஆகியிருக்கும். எடையில் இழை அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இழையின் கிலோ விலை, சிக்கெடுக்கும் ஆள் கூலி, கூடுதல் சிமெண்ட், கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் நான்கையும் கூட்டி, மெஷ் விலையோடும் அதை விரிக்கும் கூலியோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். சரக்கு நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து வண்டி வாடகையும் சேர்ந்தால் சில நேரம் மெஷ்தான் மலிவு.

எம்30க்கு ஒரு கன மீட்டர் கலவை நான் இப்படித் தொடங்குவேன்:

சிமெண்ட் 380 கிலோ
தண்ணீர் 167 லிட்டர்
எம்-சாண்ட் 800 கிலோ
அரை ஜல்லி 610 கிலோ
முக்கால் ஜல்லி 410 கிலோ
டயர் இழை 30 கிலோ
பாலிகார்பாக்சிலேட் வகை சூப்பர் பிளாஸ்டிசைசர் 3 கிலோ

ஒரு மூட்டைக்கு இறக்கினால்: சிமெண்ட் 50 கிலோ, தண்ணீர் 22 லிட்டர், எம்-சாண்ட் 105, அரை ஜல்லி 80, முக்கால் ஜல்லி 54, இழை 4 கிலோ, பிளாஸ்டிசைசர் 400 கிராம். மொத்தத் தரைக்கும் 65 மூட்டை ஆகும்.

வழக்கமான கலவையிலிருந்து மூன்று மாற்றம் இதில் உண்டு. மணல் பங்கு கூடியிருக்கிறது, ஒவ்வொரு இழையையும் பூசிவிடக் குழம்பு வேண்டும் அல்லவா. அரை ஜல்லி கூடியிருக்கிறது, 20 மி.மீ. இழை 20 மி.மீ. ஜல்லியைத் தாண்டிப் பிடிக்க முடியாது. பிளாஸ்டிசைசர் கட்டாயமாகிவிட்டது, இழை கலவையை விறைப்பாக்கும். விறைப்பைக் கண்டு குழாயைத் திறந்துவிட்டால் இத்தனை பாடும் தண்ணீரோடு போய்விடும். எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தைக் கழியுங்கள். 4 சதவீதம் ஈரம் என்றால் மூட்டைக்கு 4 லிட்டர் குறைத்து, 18 லிட்டர் ஊற்றினால் போதும்.

உங்கள் ஜல்லியும் மணலும் வேறாக இருக்கும், கலவை விகிதத்துக்கான ஐஎஸ் 10262 முறைப்படி ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாலைக்குப் போடுவதாக இருந்தால் இழை கான்கிரீட் சாலைகளுக்கான ஐஆர்சி (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) வெளியிட்ட எஸ்பி 46 என்ற வழிகாட்டி இருக்கிறது, அதையும் பாருங்கள்.

சோதனை வார்ப்பு

தரைக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். இழை இல்லாமல் மூன்று பீம், இழையோடு மூன்று பீம், கூடவே க்யூப்கள். முக்கால் ஜல்லி இருப்பதால் பீம் அளவு 150 × 150 × 700 மி.மீ. ஐஎஸ் 516 சொல்கிறபடி 600 மி.மீ. தாங்கு இடைவெளியில், மூன்றில் ஒரு பங்குப் புள்ளிகள் இரண்டில் பாரம் ஏற்றுவார்கள். 4 மெகாபாஸ்கல் என்றால் ஏறக்குறைய 22.5 கிலோநியூட்டனில் விரிசல் விழும்.

பக்கத்தில் இருக்கும் ஏதாவது பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் செய்துகொள்ளலாம். ஒரு விஷயம்: ஆய்வக உதவியாளர் விரிசல் விட்டதும் எண்ணைக் குறித்துக்கொண்டு மெஷினை நிறுத்திவிடுவார், பழக்கம் அப்படி. நிறுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு வருவது. இழை இல்லாத பீம் சத்தத்தோடு இரண்டாகும். இழை போட்டது நடுவில் வாய் திறந்து, தொங்கி, இன்னும் எவ்வளவோ தாங்கிக்கொண்டிருக்கும். அந்த மிச்ச வலிமையை முறையாக அளக்க ஈஎன் 14651 என்ற ஐரோப்பிய முறை இருக்கிறது. பீமின் அடியில் ஒரு வெட்டு போட்டு, அது 0.5 மி.மீ. திறக்கும்போதும் 3.5 மி.மீ. திறக்கும்போதும் எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். கடை இழைக்கு அந்த முறையில் குறைந்தபட்சம் முறையே 1.5, 1 மெகாபாஸ்கல் எதிர்பார்க்கிறார்கள். நம் டயர் இழைக்கும் அதே அளவுகோலை வைத்துக்கொள்வதில் தவறில்லை. அந்த அளவைத் தொடாவிட்டால் இழையைக் கூட்டுவதற்கு முன் நீளத்தைப் பாருங்கள், பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

கலக்கும் முறை

காலி டிரம்மில் இழையை முதலில் போடவே கூடாது. ஒரு மூட்டை மிக்சரில் நான் செய்யும் வரிசை இது. ஜல்லி இரண்டையும் மணலையும் போட்டு டிரம்மைச் சுற்ற விடுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே 4 கிலோ இழையைச் சல்லடை வழியாக, கோலமாவு தூவுவது மாதிரித் தூவுங்கள். ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். உருளும் ஜல்லியே மிச்சம் மீதி சிக்கைப் பிரித்துவிடும். பிறகு சிமெண்ட், பிறகு முக்கால் பங்குத் தண்ணீர், கடைசியில் மீதித் தண்ணீரில் பிளாஸ்டிசைசரைக் கலந்து ஊற்றுங்கள். அதன் பிறகு மூன்று நிமிடம் போதும். நிறைய நேரம் சுற்றினால் நன்றாகக் கலக்கும் என்று நினைப்பது தவறு, ஒரு கட்டத்துக்கு மேல் இழைகள் ஒன்றையொன்று தேடிப் பிடிக்க ஆரம்பிக்கும்.

இதற்கென்று ஒரே ஆளை வையுங்கள். மணல் அள்ளும் சித்தாளே நடுவில் வந்து இழையும் போடட்டும் என்று விட்டால், ஏழாவது லோடில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போவார். அவர் மேல் தப்பு இல்லை.

ரெடிமிக்ஸ் லாரியில் போடுவதானால், கான்கிரீட் முழுவதும் ஏறிய பிறகு டிரம்மை முழு வேகத்தில் சுற்றவிட்டு, நிமிடத்துக்கு 20 கிலோ அளவில் தூவி, முடிந்த பின் இன்னும் ஐந்து நிமிடம் சுற்றுங்கள். ஆலையில் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், சொல்லாமல் லாரி மேல் ஏறினால் சண்டைதான்.

கூம்பில் நிரப்பிய கலவை எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் சரிவுக் கூம்பு சோதனையில் இந்தக் கலவை பிடிவாதமாக நிற்கும். 120 மி.மீ. இறங்க வேண்டியது 80 இறங்கும். பயப்பட வேண்டாம். வைப்ரேட்டர் பட்டதும் இளகி ஓடும். கூம்பை மட்டும் பார்த்துக் கலவையைத் தீர்மானிக்காதீர்கள்.

இழை சமமாகப் பரவியதா என்று பார்க்க எளிய வழி ஒன்று. டிரம்மிலிருந்து கொட்டும்போது முதலில், நடுவில், கடைசியில் என்று பத்துப் பத்து லிட்டர் எடுங்கள். தண்ணீர் விட்டு அலசி, காந்தத்தால் இழையைச் சேர்த்து, உலர்த்தி எடைபோடுங்கள். ஒவ்வொன்றிலும் 300 கிராம் சுற்றுவட்டாரம் வர வேண்டும். ஒன்றில் 150, இன்னொன்றில் 450 என்று வந்தால் தூவும் முறையை மாற்றுங்கள்.

போடுவதும் முடிப்பதும்

அடித்தளம் வழக்கம் போலத்தான்: நன்றாக இடித்த மண், மேலே கிராவல் அல்லது பிசிசி (கம்பியில்லாத சாதாரண கான்கிரீட்), அதற்கு மேல் பாலித்தீன் தாள். அடி சரியில்லாத தரையை எந்த இழையும் காப்பாற்றாது.

கலவையைக் குவித்துவிட்டு வாரியால் இழுக்காதீர்கள், பற்களில் இழை சிக்கிக்கொண்டு ஒரு பக்கம் சேரும். மண்வெட்டியால் அள்ளி வையுங்கள். ஊசி வைப்ரேட்டரை ஓரங்களில் மட்டும், சில விநாடிகள். ஒரே இடத்தில் நிறுத்தினால் ஊசியைச் சுற்றி இழை வட்டமாகத் திரும்பிக்கொள்ளும், ஊசி இருந்த இடத்தில் இழையே இல்லாத குழி நிற்கும். பரப்பு முழுவதற்கும் மேலிருந்து அதிரும் பலகை வைப்ரேட்டர் நல்லது. அது மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இழையைப் படுக்கவைத்து, மேலே சிமெண்ட் பால் கொண்டுவரும். ஆனால் அதிர்வு நீண்டால் கனமான எஃகு கீழே இறங்கும். பால் வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

மேலே தண்ணீர் தெளித்துக் கரணை போடும் பழக்கம் நம் ஆட்களுக்கு விடாது. இந்தத் தரையில் அது இரட்டைத் தப்பு: மேல்தோல் பலவீனமாகும், இழையும் கழுவப்பட்டு வெளியே தெரியும். வண்டி ஓடும் தரை என்றால் சதுர மீட்டருக்கு 4 கிலோ அளவில் ஃப்ளோர் ஹார்ட்னர் (தரையின் மேல்தோலைக் கடினமாக்கும் தூள்) தூவி, பவர் ட்ரோவல் என்ற மெஷின் கரணையை ஓட்டுங்கள். அந்த மேல்தோலுக்குக் கீழே இழை மறைந்துவிடும். மேலே தெரியும் ஒன்றிரண்டு துருப்பிடித்துப் பொட்டு பொட்டாகக் கறை காட்டும். பார்வைக்குத்தான் குறை. தடித்த முறுக்குக் கம்பி துருவேறி வீங்கினால் கான்கிரீட் வெடிக்கும், இந்த மெல்லிய இழைக்கு அவ்வளவு வீக்கம் கிடையாது. துரு ஒரு இழையிலிருந்து அடுத்ததற்குப் பரவவும் வழியில்லை.

இழை போட்டுவிட்டோம், ஜாயின்ட் (சுருக்க விரிசல் கண்ட இடத்தில் விழாமல் இருக்கத் தரையில் போடும் வெட்டு) வேண்டாம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நம் தரையை 10 அடிக்கு 10 அடியாக ஆறு கட்டமாகப் பிரியுங்கள். கட்டர் தாங்கும் அளவுக்குத் தரை இறுகியதும், வெயில் காலத்தில் அன்று இரவே, கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2 அங்குல ஆழத்துக்கு வெட்டுங்கள். சீக்கிரம் வெட்டினால் கட்டர் இழையைப் பிடித்து இழுத்து ஓரம் பிய்ந்துவிடும். வெட்டின ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்து, பிசிறு வந்தால் இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள். சுவரும் தூணும் தொடும் இடத்தில் தெர்மோகோல் பட்டை வைத்துப் பிரித்துவிடுங்கள்.

தண்ணீர் காட்டுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டான ஓபிசிக்கு ஐஎஸ் 456 சொல்வது குறைந்தது 7 நாள், போசோலானா கலந்த பிபிசி சிமெண்டுக்கும் வெயில் கொளுத்தும் ஊருக்கும் 10 நாள். சாக்கு விரித்து நனைத்துக்கொண்டே இருங்கள். பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினாலும் சரி.

பத்தாம் நாள் சாக்கை எடுத்ததும் தரை முழுக்க ஒரு பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு நடங்கள். வெட்டிய ஜாயின்ட்டுகளின் ஓரத்தில் கட்டாயம் ஏதாவது சிக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் இழையை இடுக்கியால் பிடுங்க வேண்டாம், சிமெண்டோடு சேர்ந்து பெயரும். கட்டிங் பிளேயரால் தரை மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். வண்டி ஓட ஆரம்பித்து இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, முதல் கோடை முடிந்ததும் ஒரு முறை, காந்தத்தோடு ஒரு சாக்பீஸும் எடுத்துக்கொண்டு போங்கள். தெரியும் விரிசல்களைக் கோடு போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 30 கிலோ போதுமா, அடுத்த தரைக்கு 35 வேண்டுமா என்பதை அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்கிறேன்.